சின்னக்குளம் வற்றியதே இல்லை

1

எங்கள் தெருவின் பெயருக்குத் தமிழில் ‘ஏரி தெரியும் தெரு’ என்று பொருள். எங்கள் வீட்டுச் சன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுக்காரரின் கார் கொட்டகைதான் தெரியும். உண்மையிலேயே ஏரி தெரியும் வீடுகள் தெருக்கோடியில் இருக்கின்றன. அவற்றின் விலையைக் கேட்டுவிட்டுத்தான் நாங்கள் இங்கே வாங்கினோம்.

இது கனடா, டொரண்டோவுக்கு வெளியே ஒரு புறநகர். ஏரி என்றதும் ஊரில் இருப்பவர்கள் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மழைத்தண்ணீரும் உருகிய பனியும் வந்து தங்குவதற்காக நகராட்சி தோண்டிவைத்த குட்டை அது. பாளையங்கோட்டை தாண்டி, திருச்செந்தூர் சாலையில், எங்கள் பிறந்த வீட்டுக்குப் பின்னால் இருக்கிற குளம் இதைவிடப் பெரியது. ஆனால் அதற்குப் பெயர் சின்னக்குளம், இதற்குப் பெயர் ஏரி. பெயர் வைக்கிற விஷயத்தில் இவர்களுக்குத் தாராள மனசு.

வந்த முதல் பனிக்காலத்தில் ஏரி உறைந்து, அதன் மேல் பிள்ளைகள் சறுக்குக் காலணியை மாட்டிக்கொண்டு ஹாக்கி விளையாடினார்கள். என் வீட்டுக்காரர் சுப்பிரமணியன் என்னை இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார். “ஏட்டி, இங்க பாரு, தண்ணி மேல நின்னு வெளையாடுதான்!” அவர் ஆழ்வார்குறிச்சிக்காரர், ஆற்றில் குளித்து வளர்ந்தவர். அவருக்கு அது அதிசயம். எனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. நானும் குளத்துக்கு நடுவில் நின்று விளையாடித்தான் வளர்ந்தேன்.

சின்னக்குளம் மானாவாரிக் குளம். ஆற்றுத் தண்ணீர் அதற்கு வராது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிறையும். கீழே இருக்கிற வயல்களுக்கு மடை திறந்து திறந்து மாசி கடைசியில் முழங்கால் அளவு ஆகிவிடும். அப்போது நாரையும் கொக்கும் வந்து சேற்று மீனை ஒரு கை பார்க்கும். சித்திரையில் தரை காய்ந்து இறுகும். அதற்குப் பிறகு புரட்டாசி வரை அது குளமே கிடையாது, கிரிக்கெட் மைதானம். பக்கத்துத் தெருக்களிலிருந்தெல்லாம் அணி வரும். பெண்பிள்ளை என்று என்னைச் சேர்க்கமாட்டார்கள். ஆனால் சண்டை வந்தால் யார் சொல்லையும் கேட்காத பயல்கள் நான் சொன்னால் கேட்பார்கள் என்பதால் என்னை அம்பயராக நிறுத்தினார்கள். நான் கை தூக்கினால் அவுட். என் தம்பி நாயகமே தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போயிருக்கிறான்.

இதைத்தான் என் மகன் நம்பவில்லை. ஒரு தாய் தன் பிள்ளையிடம் சொன்ன ஒரு விஷயத்தை அவனை நம்பவைக்கப் பட்ட பாடுதான் இந்தக் குறிப்புகள்.

2

கதிருக்குப் பதினேழு வயது. இங்கேயே பிறந்தவன். சின்ன வயதில் சோறு ஊட்டும்போது குளத்துக் கிரிக்கெட்டைச் சொன்னால் வாயைத் திறந்துகொண்டு கேட்பான். கொஞ்சம் வளர்ந்த பிறகு குறுக்குக் கேள்வி கேட்டான். அதற்கும் பிறகு கேள்வியையும் விட்டுவிட்டான். எனக்கு அதுதான் வலித்தது.

இங்கே பள்ளிக்கூடப் படிப்பை முடிக்க ஊருக்குத் தொண்டு செய்திருக்க வேண்டும். கதிர் ஏரிக் குழுவில் சேர்ந்தான். சனிக்கிழமைதோறும் சின்னப் படகில் போய், கறுப்பும் வெள்ளையும் அடித்த ஒரு வட்டத் தகட்டைக் கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் இறக்குவான். எந்த ஆழத்தில் தகடு கண்ணுக்கு மறைகிறதோ அதை எழுதிக்கொள்வான். தண்ணீர் எவ்வளவு தெளிவு என்று அதை வைத்துச் சொல்லிவிடலாமாம். புல்தரைக்குப் போடும் உரம், வாத்துகளின் எச்சம், பாசி, களை என்று எனக்கே வகுப்பெடுக்க ஆரம்பித்தான். கடைசியில் ஒருநாள் தீர்ப்பும் சொன்னான்.

“அம்மா, ஏரின்னா அது இருக்கும். வருஷா வருஷம் காணாமப் போனா அது ஏரி இல்ல.”

மேலிருந்து எடுத்த படத்தைக் கைப்பேசியில் காட்டினான். சின்னக்குளம் பச்சையும் நீலமுமாகத் ததும்பிக்கொண்டிருந்தது. படம் எடுத்தவர்கள் கார்த்திகையில் எடுத்திருப்பார்கள் போல. சாட்சிக்கு அவன் அப்பாவைக் கூப்பிட்டேன். “எங்கூர்ல ஆறு. கொளத்தைப் பத்தி எனக்கு என்ன தெரியும்?” என்று செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். குளத்தோரத்துக்காரர்கள் என்றால் ஆற்றங்கரைக்காரர்களுக்கு எப்போதுமே ஒரு இளக்காரம்.

இந்த ஏப்ரலில் நகராட்சி ஒரு அறிவிப்பு ஒட்டியது. களையும் சேறும் மிகுந்துவிட்டதால் இலையுதிர் காலத்தில் ஏரித் தண்ணீரை வடித்துவிட்டு, பனிக்காலம் முழுக்கத் தரையைக் காயவும் உறையவும் விட்டு, வண்டலை அள்ளி, மறுபடி வசந்தத்தில் நிரப்பப்போவதாகச் சொன்னது. கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. ஒரு பெண் அதிகாரி வண்ணப் படங்களோடு வந்து, ‘கட்டுப்படுத்தப்பட்ட நீர்மட்டத் தாழ்வு’ என்று விளக்கினார். எங்கள் ஊரில் இதைக் ‘கொளம் வத்திட்டு’ என்போம். அதற்கு அதிகாரி தேவையில்லை, வெயில் போதும்.

தெருக்கோடி வீட்டுக்காரர்கள் கொதித்துவிட்டார்கள். குடியிருப்போர் குழுவின் தலைவர் ராபர்ட், வெள்ளை மீசைக்காரர், தங்கமான மனிதர், எழுந்து நின்று, “சேற்றைப் பார்ப்பதற்காகவா நாங்கள் வீடு வாங்கினோம்?” என்று கேட்டார். ஏரி தெரியாத வீட்டில் இருப்பதால் எனக்குப் பயம் இல்லை. கையைத் தூக்கினேன். ஏரி வற்றுவது நல்லது, எங்கள் ஊரில் பாதி வருஷம் தண்ணீரே இருக்காது, பறவைகள் வரும், மண் வயலுக்குப் போகும், தரை காய்ந்ததும் பிள்ளைகள் நடுவில் கிரிக்கெட் விளையாடுவார்கள் என்று சொன்னேன். என் ஆங்கிலம் பள்ளிக்கூடக் கட்டுரை மாதிரி முழுசு முழுசாகத்தான் வரும். எல்லோரும் அன்பாகச் சிரித்தார்கள். இந்த நாட்டில் நம்பவில்லை என்பதை அப்படித்தான் சொல்வார்கள். “எவ்வளவு அழகான நினைவு!” என்றார் ராபர்ட்.

பின்வரிசையில் கதிர் காதுவரை சிவந்து உட்கார்ந்திருந்தான். முடிவு செப்டம்பருக்குத் தள்ளிப்போயிற்று. அன்றைக்கே தீர்மானித்தேன். பள்ளி விடுமுறை ஜூலையில், அதாவது ஆடியில். குளம் பொட்டலாகக் கிடக்கிற மாதம். கூட்டிக்கொண்டு போய் நடுவில் நிறுத்திக் காட்டிவிட வேண்டும்.

3

விமானச் சீட்டுப் போட்டுவிட்டுத் தம்பிக்கு அழைத்தேன். நாயகம் பாளையங்கோட்டையில் ஒரு அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. அதோடு, எங்கள் வீட்டைச் சுற்றிப் புதிதாக முளைத்திருக்கும் குளக்கரை நகரின் நலச் சங்கச் செயலாளர். இரண்டாவதுதான் முழுநேர வேலை.

“எக்கா, சரியான நேரத்துலதான் வாரிய. நீங்க அனுப்புன போட்டோ மாதிரியே கொளத்தை மாத்திட்டோம்லா!”

அப்போதுதான் எனக்கு அந்தப் படங்கள் ஞாபகத்துக்கு வந்தன. சில வருஷங்களுக்கு முன்னால் எங்கள் ஏரிப் படங்களைக் குடும்பக் குழுவில் போட்டிருந்தேன். வெளிநாட்டில் இருப்பவர்கள் எதற்குப் படம் போடுவார்களோ அதற்காகத்தான் நானும் போட்டேன். கரையைச் சுற்றி நடைபாதை, பெஞ்சு, அறிவிப்புப் பலகை, கண்ணாடி மாதிரித் தண்ணீர். அதையெல்லாம் சங்கத்தின் தீர்மானத்தோடு இணைத்து, ‘வெளிநாட்டு முறையில் அழகுபடுத்துதல்’ என்று மனுப்போட்டு, திட்டமும் வாங்கிவிட்டார்கள்.

“தண்ணி இருக்காலே?” என்று கேட்டேன்.

“நெறஞ்சு கெடக்குக்கா. ரெண்டு போர் போட்டிருக்கு. மடையைச் சிமெண்டு வச்சு அடைச்சாச்சு. இனி ஒரு சொட்டு வெளிய போவாது.”

4

ஆடிக் காற்று ஆளைத் தள்ளிக்கொண்டிருந்த ஒரு காலையில் நானும் வீட்டுக்காரரும் கதிரும் குளக்கரையில் நின்றோம். என் வாழ்நாளில் ஆடி மாதத்தில் சின்னக்குளத்தில் தண்ணீரைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

குறை சொல்லக்கூடாது, கரை அழகாகத்தான் இருந்தது. வண்ணக் கல் பாவிய நடைபாதையில் பெண்கள் சேலைக்குக் கீழே விளையாட்டுச் செருப்புப் போட்டுக்கொண்டு நடந்தார்கள். உடற்பயிற்சி இயந்திரத்தில் இரண்டு பேர் ஈரத்துணி காயப்போட்டிருந்தார்கள். அன்னப்பறவை வடிவத்தில் மிதி படகு இரண்டு கட்டிக் கிடந்தன. ‘வாத்துகளுக்கு ரொட்டி போடாதீர்’ என்று ஒரு பலகை. குளத்தில் ஒரு வாத்து கிடையாது. என் படத்தில் இருந்த பலகையை அப்படியே தமிழில் செய்திருந்தார்கள். ஆனாலும் பலகைக்குப் பயந்து ஒருவரும் ரொட்டி போடுவதில்லை என்று நாயகம் பெருமையாகச் சொன்னான்.

பெஞ்சுகளைக் காட்டினான். எங்கள் ஏரியோரப் பெஞ்சுகளில் செத்துப்போனவர்கள் பெயரைப் பித்தளைத் தகட்டில் பொறித்து வைத்திருப்பார்கள். அதையும் படத்தில் பார்த்து அப்படியே செய்திருந்தான். முதல் பெஞ்சில் கொட்டை எழுத்தில் ‘கனடா திரு. சுப்பிரமணியன் அவர்களின் நினைவாக’ என்று இருந்தது.

என் வீட்டுக்காரர் அதை இரண்டு தடவை படித்தார். “மாப்ள, நான் இன்னும் இருக்கேன்லா?”

“அத்தான், உபயம்னு போட்டா கோயில் ஃபேன்ல எழுதுன மாதிரி இருக்குமேன்னு பாத்தோம். உங்க நெனப்பு எங்களுக்கு எப்பவும் இருக்குன்னு காட்டுததுக்குத்தான்.”

அவர் தன் நினைவுப் பெஞ்சிலேயே உட்கார்ந்தார். கதிர் படம் எடுத்தான். ஊருக்கு வந்து அவன் முதல் முறையாகச் சிரித்தது அப்போதுதான்.

தண்ணீர் பக்கம் போனால் சிரிப்பு நின்றுவிடும். கரையோரமெல்லாம் பச்சைப் பெயின்ட் கொட்டியதுபோலப் பாசி. காற்று அந்த வாடையை நேராக வீட்டு அடுப்படிவரை கொண்டுவந்தது. நாரைக்கும் கொக்குக்கும் நடந்து மேய ஆழம் குறைந்த சேறு வேண்டும். சுவர் எழுப்பி, தண்ணீரைக் கழுத்தளவு நிறுத்தினால் அவை எங்கே நிற்கும்? நீர்க்காகம் மட்டும் முங்கி முங்கி எழுந்தது. ஜிலேபிக் கெண்டை ஒன்று வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தது.

கதிரால் சும்மா இருக்க முடியவில்லை. தம்பி மனைவியின் அடுக்களையிலிருந்து ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்து, கயிறு கட்டி, அன்னப்பறவையில் ஏறிப் போய்க் குளத்தின் நடுவில் இறக்கினான். கரையில் கூட்டம் கூடிவிட்டது. “சாப்பிடுத தட்டைக் கொண்டுபோயி குளத்துக்குள்ள முக்குதானே, பிள்ளைக்கு என்ன ஆச்சு?” என்று தம்பி மனைவி என் காதில் கேட்டாள். தட்டு ஒரு சாண் இறங்குவதற்குள் மறைந்துவிட்டது. கதிர் கரையேறி, “மாமா, இதுல மீனுக்கு மூச்சு விட முடியாது. கொஞ்சம் வத்தணும்” என்றான்.

எனக்கு வாயெல்லாம் பல். “அதைத்தாம்லே நான் சொல்லிக்கிட்டே இருந்தேன். வருஷா வருஷம் வத்தும். நீ தட்டு விட்ட இடத்துலதான் ஸ்டம்பு நட்டிருப்போம். மாமாட்ட கேளு.”

“நாளைக்குக் கேப்போம்” என்றான் நாயகம். அவன் முகம் சரியில்லை.

5

மறுநாள் குளத்தைப் பார்வையிட இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். அடுத்த கட்ட வேலைக்கு ஒப்புதல் வேண்டுமாம். நாயகம் வெள்ளை வேட்டி சட்டையில் நின்றான். வெளிநாட்டு நிபுணர் என்று என்னை அறிமுகப்படுத்தினான். நான் அங்கே ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். அதைச் சொல்ல அவன் இடம் கொடுக்கவில்லை.

அதிகாரிகளில் இளையவர் கொஞ்சம் விவரமானவர். “இது மானாவாரிக் குளம்தானே? கோடைக்கு வத்துமா?” என்று கேட்டார். கதிர் சட்டென்று நிமிர்ந்து மாமாவைப் பார்த்தான். நானும் பார்த்தேன். நான் கை தூக்கினால் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போன என் தம்பியை.

நாயகம் துளிகூட யோசிக்கவில்லை. “இல்ல சார். வத்துனதே இல்ல. நான் பொறந்ததுல இருந்து பாக்கேன், எப்பவும் தண்ணி கெடக்கும்.”

நான் வாயைத் திறந்தேன். அவன் கண்ணாலேயே கும்பிட்டான். மூடிக்கொண்டேன்.

அதிகாரிகள் இளநீர் குடித்துவிட்டுக் கிளம்பிய பிறகு அடுக்களைக்குள் வைத்துப் பிடித்தேன். “ஏலே, புளுகுதியே, வெக்கமா இல்ல?”

“எக்கா, பைய பேசுங்க. வத்தாத கொளம்னு எழுதித்தான் திட்டமே வாங்கிருக்கு. வத்தும்னு தெரிஞ்சா, பெறவு எதுக்குப் படகுன்னு கேப்பாவ. எல்லாத்தையும் நிப்பாட்டிருவாவ. இந்த நகர்ல நான் தலை காட்ட முடியாது.”

“சரி, ஆபீசருட்ட சொன்ன. பிள்ளைட்டயாவது உண்மையைச் சொல்லு.”

“அவன் சின்னப் பையன். எங்கனயாவது இன்டர்நெட்டுல எழுதி வச்சிருவான்.”

அவன் மனைவியைப் பார்த்தேன். அவள் கல்யாணமாகி வந்தபோது குளத்துக்குள் பந்தல் போட்டுத்தான் விருந்தே நடந்தது. “எனக்குக் கொளத்தைப் பத்தி ஒண்ணும் தெரியாதுக்கா” என்று தேங்காயைத் துருவ ஆரம்பித்தாள். வேறு சாட்சிக்கும் வழியில்லை. குளக்கரை நகரில் இப்போது இருப்பவர்கள் எல்லாம் வேறு வேறு ஊர்களிலிருந்து வந்து மனை வாங்கியவர்கள். அவர்களுக்கு அது நிறைந்த குளம்தான். பழைய படம் ஒன்று கிடைக்குமா என்று பீரோவைக் குடைந்தேன். கல்யாணப் படம், காதுகுத்துப் படம், எல்லாம் இருந்தது. விருந்துப் படத்தில்கூடப் பந்தலும் வாழையிலையும்தான் தெரிந்தன. வற்றிய குளத்தை யார் படம் பிடித்து வைப்பார்கள்?

கதிரிடம் நானே சொன்னேன். மாமா அதிகாரிகளுக்காக அப்படிச் சொன்னார், உண்மை அது இல்லை என்றேன். அவன் பொறுமையாகக் கேட்டான்.

“அப்போ மாமா பொய் சொல்றாங்க. நீ சொல்றது மட்டும் உண்மை.”

“ஆமா.”

“மாமாவும் இதையேதான் சொல்வாங்க, அம்மா.”

கோபத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. திரும்பும் விமானத்தில் அவன் தலைக்கு மாட்டும் பாட்டுக் கருவியைக் கழற்றிவிட்டு என் கையைத் தட்டிக்கொடுத்தான். “பரவால்ல அம்மா. எல்லாரும் சின்ன வயசைக் கொஞ்சம் பெருசாத்தான் சொல்லுவாங்க.” திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நோயாளியிடம் பேசுவதுபோல இதமாகப் பேசினான். என் பிள்ளையின் கண்ணில் நான் நல்ல மனசுள்ள ஒரு புளுகியாகிவிட்டேன். கனடாவில் இறங்கும்வரை நான் கண்ணை மூடியே இருந்தேன்.

6

செப்டம்பர் கூட்டத்துக்கு நான் போகவேண்டாம் என்றுதான் இருந்தேன். கதிர் அளந்த கணக்கைச் சொல்ல வேண்டியிருந்ததால் காரில் கொண்டுவிடப் போனேன். போனவள் உட்கார்ந்துவிட்டேன்.

கதிர் நன்றாகப் பேசினான். தகடு மறையும் ஆழம் குறைந்துகொண்டே வருவதைப் படம் போட்டுக் காட்டினான். தண்ணீரை வடித்தால்தான் ஏரி பிழைக்கும் என்றான். தெருக்கோடிக்காரர்கள் அசையவில்லை. அளவெல்லாம் சரி, ஆனால் வற்றவிட்ட ஏரி திரும்பி வரும் என்று யார் சொன்னது? ஒரு பனிக்காலம் முழுக்கச் சேறு நாறினால் யார் பொறுப்பு? இப்படியே போயிற்று.

அப்போது ராபர்ட் என் பக்கம் திரும்பினார். கேலியே இல்லாமல், மரியாதையாகத்தான் கேட்டார். “போன கூட்டத்தில் இந்த அம்மா தங்கள் ஊரில் ஏரி ஆண்டுதோறும் காய்ந்துவிடும், மீண்டும் நிறையும், நடுவில் பிள்ளைகள் விளையாடுவார்கள் என்றார். அழகான கதை. ஆனால் நம் ஏரியை ஒரு கதையை நம்பிக் காலி செய்ய முடியாது.” பிறகு கதிரைப் பார்த்தார். “நீ இந்தக் கோடையில் அங்கே போயிருந்தாயே தம்பி. நீ கண்ணால் பார்த்தாயா?”

எனக்கு எழுந்து வெளியே போய்விடலாம் போல இருந்தது. கதிர் பொய் பேசமாட்டான். அதை நான்தான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்து வளர்த்தேன். இல்லை என்று சொல்லப்போகிறான். சொல்லட்டும், அவன் பேரில் தப்பே இல்லை என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டு தரையைப் பார்த்தேன்.

“பார்த்தேன்” என்றான் கதிர்.

தலையைத் தூக்கினேன். அவன் என்னைப் பார்க்கவில்லை, ராபர்ட்டைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தான்.

“தண்ணீரே இல்லை. தரை பாளம் பாளமாக வெடித்திருந்தது. பந்து வெடிப்புக்குள் போய்விட்டால் கையை விடக்கூடாது, உள்ளே தேள் இருக்கும். கம்பு வைத்துத்தான் நெம்பி எடுக்க வேண்டும். எடுக்கிற வரைக்கும் ஓடிக்கொண்டே இருக்கலாம், எத்தனை ஓட்டம் எடுத்தாலும் செல்லும். அப்படி ஒரு விதி வைத்திருக்கிறார்கள். நான் ஆடினேன். முதல் பந்திலேயே போய்விட்டேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். இந்தச் சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. அந்தப் பெண் அதிகாரி ஏதோ குறித்துக்கொண்டார். “மழை வந்தால் நிறைந்துவிடுமா?” என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். “சில வாரங்களில்” என்றான். ராபர்ட் மீசையைத் தடவிக்கொண்டே உட்கார்ந்தார். வாக்கெடுப்பில் அவர் கையும் மெதுவாக மேலே போயிற்று.

தேள், கம்பு, ஓட்டம் எல்லாம் அவனுக்கு நான்கைந்து வயது இருக்கும்போது, பருப்புச் சோற்றைப் பிசைந்து வாயில் திணிப்பதற்காகச் சொன்னவை. அதற்குப் பிறகு நான் அவற்றைச் சொன்னதாக எனக்கே ஞாபகம் இல்லை. முதல் பந்தில் போனது மட்டும் அவன் சொந்தச் சரக்கு. என் மகன் பிறந்ததிலிருந்து கிரிக்கெட் மட்டையைத் தொட்டதில்லை.

காருக்குப் போகும்போது ஏரியோரமாக நடந்தோம். எனக்குச் சந்தோஷமும் கோபமும் சேர்ந்தே வந்தன. ஆனாலும் அம்மா அம்மாதானே, விடமுடியுமா?

“ஏலே, அத்தனை பேர் முன்னால பொய் சொல்லலாமா?”

அவன் நின்றான். “நீ சொன்னது உண்மைதானே?”

“உண்மைதான்.”

“அப்புறம் என்ன?” என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தான்.